கைமாறிய பந்து

கல்லடியிலுள்ள எமது அம்மானின் வீட்டு விறாந்தைச் சுவரிலே பழைய புகைப்படமொன்று தொங்குகின்றது. ஒன்பது சிறுவர்கள். ஐவர் வாங்கிலே அமர்ந்திருக்கின்றனர். நால்வர் பின்னே நிற்கின்றனர். நடுவில் அமர்ந்திருப்பவனின் மடியில் ஒரு பந்து. அதன்மேல் வெண்கட்டியால் 1966 என்று எழுதியிருக்கின்றது. படத்தின் கீழ்ப்பாகத்தில் நான்கு விரற்கடை அகலத்துக்கு மஞ்சட் கறை படர்ந்திருக்கின்றது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் கல்லடிக்குள் புகுந்தபோது சேற்றிலே கிடந்து, பின்னர் கழுவி உலர்த்தி எடுக்கப்பட்ட படம் அது. வீட்டுப் பொருள்கள் யாவும் சேறாகிக் கிடக்க, அம்மான் முதலில் தேடியது அந்தப் படத்தைத்தான் என்று மாமி இன்றும் குறைப்படுவதுண்டு.

அம்மானுக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவரைப் படத்தின் முன் நிறுத்தி, இடப்புறத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பெயராகச் சொல்லி முடித்த பின்னரே தேநீர் வரும். நாமும் சிறு பராயம் முதல் அந்தப் பெயர்ப் பட்டியலைக் கேட்டவர்களே. சென்ற தைப்பொங்கலன்றும் வழக்கம்போலத் தொடங்கினார். எட்டுப் பெயர்கள் வந்தன. ஒன்பதாவது வரவில்லை.

“பேர் வாய்க்குள்ள நிக்குது மருமகன், வெளிய வருதில்ல” என்றார். சிறிது நேரம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எமது முகத்தைப் பார்த்தார். நூறு முறை கேட்ட பெயர்தானே, நீயாவது சொல் என்பது போலிருந்தது அந்தப் பார்வை. எமக்கும் அது ஞாபகம் வரவில்லை. செவியிலே விழுந்த பெயரை நெஞ்சிலே வாங்கியிராத குற்றம் எம்முடையது. அன்று அருந்திய தேநீர் இனிக்கவில்லை.

அந்த ஒன்பதாமவன் பின்வரிசையின் ஓரத்திலே நிற்கின்றான். மற்ற எண்மரும் இலக்கம் பொறித்த விளையாட்டு உடுப்பிலே இருக்க, அவன் மட்டும் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையில் இருக்கின்றான். கையில் பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் ஒன்று.

அந்தப் படம் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியின் இளையோர் கூடைப்பந்தாட்ட அணியினது. இளையோர் அணிக்கு ஒரு வரலாறு வேண்டுமா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். மூத்தோர் அணியின் வெற்றிகள் பரிசுக் கேடயங்களிலே பொறிக்கப்படும்; ஆண்டு மலரிலே அச்சாகும். இளையோர் அணியோ வாவியிற் படகு ஓடிய தடம்போல. இரண்டு ஆண்டுகளில் அங்குள்ள பிள்ளை வளர்ந்து மேலே போய்விடுவான். அல்லது படிப்பைக் கருதி வீட்டார் மறித்துவிடுவார்கள். ஆள் மாறிக்கொண்டேயிருக்கும் அணிக்கு எதை வரலாறு என்பது? தைப்பொங்கலிலிருந்து எம் மனத்தை அரித்த கேள்வி இதுவே.

கூடைப்பந்தாட்டம் பனி பெற்ற பிள்ளை என்பதை மாணவர் பலர் அறியார். 1891ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்ஃபீல்ட் நகரிலே, வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி ஒன்றில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இருந்தார். அவர் கனடாவிலே 1861இற் பிறந்து மொன்றியலிலே படித்தவர். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. உள்ளே அடைபட்டிருந்த பதினெட்டு இளைஞரோ உடற்பயிற்சி அலுத்துக் குழப்படி செய்துகொண்டிருந்தனர். கூரையின் கீழே ஆடத்தக்க புதிய விளையாட்டொன்றை அமைக்குமாறு மேலதிகாரி பணித்தார். நெய்ஸ்மித் இரண்டு பீச்சுப்பழக் கூடைகளை மாடத்துக் கைப்பிடியிலே, தரையிலிருந்து பத்தடி உயரத்தில் அறைந்து மாட்டினார். பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரிலே ஒட்டினார். அந்தப் பத்தடி இன்றுவரை மாறவில்லை. அன்று நடந்த முதல் ஆட்டத்திலே மொத்தமாக விழுந்தது ஒரேயொரு கூடைதான்!

அதே குளிர்நாட்டார் பனியை வேறொரு வகையிலும் எதிர்கொண்டனர். உறைந்த நீரையே தரையாகக் கொண்டு ஐஸ் ஹொக்கி ஆடினர். கூரையின் கீழே, விதிவகுத்து அவ்வாட்டம் முதன்முதலில் நடைபெற்றது 1875ஆம் ஆண்டு மொன்றியல் நகரத்திலே. பனியின் மேலே நின்று ஆடுவது அது. பனியை வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவது இது. இரண்டும் ஒரு குளிர்காலத்துச் சகோதரர்கள் எனலாம். மட்டக்களப்பாராகிய நாமோ பனிக்கட்டியைக் கண்டது சர்பத்துக் கடையிலும் மீன்வாடியிலுமே. பனிக்குப் பயந்து பிறந்த ஆட்டமொன்று, பங்குனி வெயிலிலே சீமெந்துத் தரை கொதிக்கும் எமது ஊரிலே வந்து வேரூன்றியது விந்தையல்லவா?

இலங்கைக்கு அது 1919ஆம் ஆண்டளவிலே கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக வந்தது. மட்டக்களப்பிலே அது செழித்தது இயேசு சபைக் குருமாரால். புளியந்தீவிலுள்ள மிக்கேல் கல்லூரி 1873இலே தொடங்கியது. பிரெஞ்சு நாட்டுக் குருமார் அதனை வளர்த்தனர். அவர்களுள் பொனெல் அடிகளார் பெயர் இன்றும் ஊரிலே பேசப்படும். காரைதீவிலே 1892இற் பிறந்த மயில்வாகனம் என்ற மாணவர் அங்கே கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பின்னாளிலே சுவாமி விபுலாநந்தராக உலகறிய விளங்கினார். கோயிலுக்குப் போகும் பிள்ளையும் தேவாலயத்துக்குப் போகும் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்வது அங்கே அன்று தொட்டு வழக்கம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், பிரெஞ்சுக் குருமாரின் இடத்துக்கு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாநிலத் தலைமையின் கீழிருந்த இயேசு சபைக் குருமார் வந்தனர். வெபர் அடிகளார், ஹேபியர் அடிகளார், மில்லர் அடிகளார் ஆகியோர் அவர்களுட் சிலர். அவர்கள் பிறந்த நாட்டிலே கூடைப்பந்து தெருவுக்குத் தெரு ஆடப்பட்டது. வேட்டி உடுத்த ஊருக்கு அவர்கள் வெள்ளை அங்கியோடு வந்தனர். மாலையிலே அங்கியைக் களைந்துவிட்டுக் காற்சட்டையோடு மைதானத்தில் இறங்கினர். குருவானவர் காற்சட்டை போடுவதா என்று அன்று சில பெரியவர்கள் முகஞ்சுளித்தார்களாம். பிள்ளைகள் சுளிக்கவில்லை. விளையாட்டுக்கு உழைத்த வெபர் அடிகளாரின் பெயரை எமது நகர மைதானம் இன்று தாங்கி நிற்கின்றது. ஹேபியர் அடிகளார் பயிற்றிய மிக்கேல் கல்லூரிக் கூடைப்பந்தாட்ட அணி கொழும்புக் கல்லூரிகளை வென்று அகில இலங்கையிலும் பெயர் நாட்டியது. அவர் திருகோணமலையிலும் மாணவரைப் பயிற்றியவர்.

எமது அம்மான் அந்தக் காலத்துப் பிள்ளை. இளையோர் அணியிலே இரண்டு ஆண்டுகள் ஆடினார். “பெரிய பெடியன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு சின்னப் பெடியன். அவனைப் பழக்கி எடுக்கிறது இவன்ட பொறுப்பு. நாங்க எறியுறத விடப் பிடிக்கிறதத்தான் முதல்ல படிச்சம். மறுகாதான் எறியுறது” என்பார்.

சனிக்கிழமை காலையிலே அவர்களுக்கு ஒரு தனி ஆட்டம் இருந்ததாம். அதிலே பந்தைத் தரையில் அடித்துக்கொண்டு ஓடக்கூடாது. கையிலிருந்து கைக்கே போகவேண்டும். பந்து தரையைத் தொட்டால் எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். ‘தரை தொடாத ஆட்டம்’ என்று பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்தார்கள். பந்தை வாங்கியவன் அசையாமல் நிற்கவும் கூடாது. ஒரு காலை ஊன்றி, மறுகாலால் உடம்பைத் திருப்பி, யார் வெறுமையாக நிற்கின்றான் என்று பார்க்கவேண்டும். அதற்கு மூத்த மாணவர் எல்லைக் கோட்டிலே நின்று “கிறுகு! கிறுகு!” என்று கத்துவார்களாம். கிறுகு என்பது எமது ஊர்ச் சொல். திரும்பு என்று பொருள். அமெரிக்காவிலிருந்து வந்த ஆட்டத்துக்கு மட்டக்களப்பு வைத்த கலைச்சொல் அது என்று நாம் பெருமையோடு சொல்லலாம்.

“பந்து உன்ட சொத்தில்ல மருமகன். வந்தது போகவேணும்” என்பது அம்மான் எமக்கு அடிக்கடி சொல்லும் வாசகம். சிறுவயதில் அதன் பொருளை நாம் அறியவில்லை. அறிய நேர்ந்த கதையையும் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகின்றோம்.

அதற்கு முன், ஊரின் துயரத்தையும் சொல்லியாகவேண்டும். 1990ஆம் ஆண்டு ஆனியிலே மீண்டும் போர் மூண்டது. வீதிகள் வெறிச்சோடின, பாடசாலைகள் சாத்திக் கிடந்தன. அவ்வாண்டு ஆவணியிலும் புரட்டாதியிலும் மட்டக்களப்பு மாவட்டத்திலே தமிழரும் முஸ்லிம்களும் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டனர். ஆவணி 15ஆம் நாள், மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, ஹேபியர் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். உடன் ஒரு தமிழ் இளைஞரும் இருந்தார். இருவரும் ஊர் வந்து சேரவில்லை. அவர்களுடைய உடல்கள் கிடைக்கவுமில்லை. அடிகளாருக்கு அப்போது வயது அறுபத்தாறு. அவருடைய மாணவர்களுக்கு மலர் வைக்க ஒரு கல்லறை இல்லை.

அப்போது எமக்குப் பத்து வயது. அம்மான் அழுததை நாம் முதன்முதலிற் கண்டது அந்நாட்களிலேதான். அவர் படத்தைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் மாட்டினார், ஒன்றும் பேசவில்லை.

சில ஆண்டுகள் கழிந்தன. நாமும் இளையோர் அணியிலே சேரும் வயதை எட்டினோம். ஒரு பந்துதான் இருந்தது. அதன் தோலும் உரிந்திருந்தது. பொழுது சாயுமுன் வீடு சேரவேண்டும். வழியிலே சோதனைச் சாவடிகள். ஆயினும் மாலை நான்கு மணிக்கு மைதானத்திலே விசில் ஊதும். எம்மைப் பயிற்றிய அண்ணன் கல்லூரியின் பழைய மாணவர். ஊதியம் எதுவும் பெறாதவர். அவர் எமக்கு முதலிலே பிடிப்பதையே பழக்கினார். சனிக்கிழமை காலையிலே தரை தொடாத ஆட்டம் ஆடவைத்தார். “கிறுகு!” என்று கத்தினார். அம்மானிடம் கேட்ட கதை எம் கண் முன்னே நடந்தது. பயிற்றியவரைக் காணாமற்போக்கியவர்களால் அவர் பயிற்றுவித்ததைக் காணாமற்போக்க இயலவில்லை.

1995ஆம் ஆண்டிலே ஓர் ஆட்டம். எதிரணி எது என்பது இங்கே வேண்டாம். இறுதி நிமிடம், எமது அணி ஒரு புள்ளி பின்தங்கி நின்றது. பந்து எம் கைக்கு வந்தது. வளையத்தின் கீழே எமது தோழன் தன்னந்தனியனாக, இரு கையும் நீட்டி நின்றான். எம் பெயர் சொல்லி அழைத்தான். அவனை நாம் கண்டோம், காணாதவர்போல நின்றோம். வெற்றிக் கூடையைப் போட்டவன் என்ற பெயர் எமக்கு வேண்டியிருந்தது. எறிந்தோம். பந்து வளையத்திலே பட்டு வெளியே துள்ளியது. விசில் ஊதியது.

மறுநாள் பயிற்சிக்குப் போனபோது ஏச்சு விழும் என்று எண்ணினோம். அண்ணன் ஏசவில்லை. ஒரு பம்பை எடுத்து எம் கையிலே வைத்தார். “ஒரு மாசத்துக்குக் காத்தடி தம்பி. ஓரத்தில நின்டு பார்” என்றார். அவ்வளவுதான்.

முதல் வாரம் அழுகை வந்தது. இரண்டாம் வாரம் கோபம் வந்தது. மூன்றாம் வாரத்திலேதான் நாம் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினோம். உள்ளே நின்று ஆடுகையில் பந்தும் வளையமும் மட்டுமே எமக்குத் தெரிந்தன. ஓரத்திலே நின்றபோது பத்துப் பேரும் தெரிந்தனர். பந்து இல்லாதவன் ஓடும் ஓட்டம் தெரிந்தது. எதிரியை மறித்துத் தோழனுக்கு வழி விடுபவன் தெரிந்தான். கூடை விழுமுன் மூன்று கைகளைப் பந்து கடந்து வந்தது தெரிந்தது. கை தட்டுவோர் கண்ணுக்கோ கடைசிக் கை மட்டுமே தெரிகின்றது! அந்த ஒரு மாதத்திலே கற்ற அளவு வகுப்பறையில் நாம் எந்த மாதமும் கற்கவில்லை. இன்று கல்லூரியிலே விரிவுரை செய்யும்போது, பேசாத மாணவன் பக்கம் எமது கண் போகின்றதென்றால், அது அந்தப் பம்ப் தந்த கண்.

ஆகவேதான், படத்தின் ஓரத்திலே பம்போடு நிற்கும் சிறுவனின் பெயர் மறந்துபோனமை எம்மை உறங்கவிடவில்லை. ஒரு மாதம் அவனுடைய இடத்திலே நின்றவர்கள் நாம்.

நடுவிலே பந்தை மடியில் வைத்திருப்பவர் அந்நாளைய அணித் தலைவர். இன்று கனடாவிலே, ரொறன்ரோவுக்கு அண்மையில் வாழ்கின்றார். ஒரு ஞாயிறு இரவு அம்மானும் நாமும் கைத்தொலைபேசியிலே அவரை அழைத்தோம். திரையிலே அவர் முகம் வந்தது. பின்னாலே சாளரம், சாளரத்துக்கு அப்பால் வெண்பனி. “டேய் மச்சான்!” என்று இரு கிழவர்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அதன் பின்னர் கால் மணி நேரம் எம்மை யாரும் கவனிக்கவில்லை.

அவருடைய பேரனுக்குப் பதின்மூன்று வயது. அவ்வூரிலே இளையோர் ஐஸ் ஹொக்கி அணியிலே ஆடுகின்றானாம். விடியற்காலை ஐந்து மணிக்கு அவனைக் காரிலேற்றிப் பனியரங்குக்குக் கொண்டுபோவது பாட்டனாரின் வேலை. “அங்க நாம வெயிலுக்குள்ள வெறுங்காலோட ஓடினம். இஞ்ச பேரன் ஐஸுக்கு மேல கத்தி பூட்டின சப்பாத்தோட ஓடுறான். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பயமா இருக்கும்” என்று சிரித்தார். பிறகு ஒரு செய்தி சொன்னார். அது எமக்குப் புதிது.

“இஞ்ச ஒரு நல்ல வழக்கம் இருக்கு தம்பி. கோல் அடிச்சவனுக்கு ஒரு புள்ளி எழுதுவாங்க. அவனுக்குக் கொடுத்தவனுக்கும் ஒரு புள்ளி. அந்தக் கொடுத்தவனுக்குக் கொடுத்தவனுக்கும் ஒரு புள்ளி. மூணு பேர்ட பேரும் கணக்கில நிக்கும்.”

கூடைப்பந்திலே அப்படியில்லை. கூடையைப் போட்டவனுக்கு முன் கொடுத்தவன் ஒருவனோடு கணக்கு நின்றுவிடும். பனியிலே சறுக்கும் நாட்டார் இன்னும் ஒரு கை பின்னோக்கிப் போய் நன்றி சொல்லுகின்றனர். ஒரு சமுதாயம் எத்தனை கை பின்னோக்கிப் பார்க்கின்றது என்பதிலேதான் அதன் பண்பாடு இருக்கின்றதோ என்று எமக்குத் தோன்றியது.

அம்மான் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “மச்சான், பின்னுக்கு ஓரத்தில, பம்போட நிக்கிறானே, அவன்ட பேர்...?”

ஒரு கணமும் தாமதியாமல் பெயர் வந்தது. அம்மான் தம் நெற்றியிலே கையால் அடித்துக்கொண்டார்.

“அவன்ட பேர் எனக்கு எப்படி மறக்கும்? அவன் காத்தடிச்ச பந்தாலதானே நான் எறிஞ்சன்” என்றார் அணித் தலைவர்.

அந்தச் சிறுவன் படுவான்கரையைச் சேர்ந்தவன். உறவினர் வீட்டிலே தங்கிப் படித்தான். ஞாயிறு மாலை மண்முனைத் துறையிலே வாவியைக் கடந்து வருவான். ஆட்டத்துக்கு அவன் ஒரு நாளும் இறங்கியதில்லை; பயிற்சிக்கு ஒரு நாளும் வராமல் இருந்ததுமில்லை. 1967இலே தகப்பனார் இறந்தார். வயலைப் பார்க்க ஆளில்லை. ஒரு ஞாயிறு மாலை அவன் வரவில்லை. அதன் பின்னர் யாரும் அவனைக் காணவில்லை.

அவருடைய பெயரை இந்தப் பத்திரிகையிலே அச்சிடுவது முறையன்று. அது அவருடைய குடும்பத்துக்குரியது. அடுத்த சில கிழமைகளிலே நாம் விசாரித்தோம். ஊரின் பெயர் தெரிந்தபின் ஆளின் பெயரை அறிவது கடினமாக இருக்கவில்லை. ஒரு விடுமுறை நாளிலே அம்மானை மோட்டார்ச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, 2014இலே திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தின் வழியே வாவியைக் கடந்தோம். முன்னாளில் அந்தச் சிறுவன் படகுக்குக் காத்திருந்து கடந்த நீரை நாம் இரண்டொரு நிமிடத்திற் கடந்துவிட்டோம். அறுவடை முடிந்த வயல்களிலே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

நாம் பிந்திவிட்டோம். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மகள் வீட்டிலே இருந்தார். எம்மை யாரென்று அறியாமலே பாய் விரித்து, வந்த விடயத்தைக் கேட்டார். அம்மான் படத்தின் பிரதியொன்றை உறையிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்து, ஓரத்திலே நின்ற சிறுவனை விரலாற் காட்டினார்.

அந்தப் பெண் நெடுநேரம் பேசவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீட்டிலிருந்த படங்கள் யாவும் போய்விட்டனவாம். தகப்பனாரின் முதிய முகத்தைத் தவிர வேறு முகத்தை அவர் கண்டதேயில்லை. சேலைத் தலைப்பாற் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பாட கையில என்ன இருக்கு?” என்று கேட்டார்.

“பந்துக்குக் காத்தடிக்கிற பம்ப் மகள்” என்றார் அம்மான்.

“இந்த வீட்டுக் கதவுக்குப் பின்னால எப்பவும் ஒரு பம்ப் இருக்கும். ஊர்ப் பிள்ளையள் பந்தைத் தூக்கிக்கொண்டு அப்பாட்டத்தான் வருவாங்கள். ஏன் எங்கட வீட்டுக்கு வாறாங்கள் என்டு எனக்கு இப்பதான் விளங்குது” என்றார் அவர்.

திரும்பி வரும்போது அம்மான் வழிநெடுக ஒன்றும் பேசவில்லை. வீடு வந்ததும் படத்தைச் சுவரிலிருந்து கழற்றச் சொன்னார். கண்ணாடியை அகற்றி, படத்தைக் கவிழ்த்து வைத்தோம். நடுங்கும் கையாலே ஒன்பது பெயர்களையும் அதன் பின்புறத்தில் எழுதினார். ஓரத்திலே நின்றவரின் பெயரைத்தான் முதலில் எழுதினார்.

இளையோர் அணியொன்றின் வரலாறு எங்கே இருக்கின்றது என்ற கேள்விக்கு எமக்குக் கிடைத்த விடை இதுவே. அது கேடயத்திலே இல்லை. ஸ்பிறிங்ஃபீல்டிலிருந்து புளியந்தீவுக்கும், புளியந்தீவிலிருந்து படுவான்கரைக்கும் ரொறன்ரோவுக்கும் கைமாறிக் கைமாறி வந்த பழக்கத்திலே இருக்கின்றது. வாங்கினவன் வைத்துக்கொள்ளவில்லை, ஆகவே அது அழியவில்லை. வைத்துக்கொண்டவர்கள் நாம் ஒருவரே. அன்று ஆட்டம் தோற்றது.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டுச் சுவரிலும் இப்படியொரு படம் தொங்கக்கூடும். பாட்டனார் படித்த வகுப்போ, மாமனார் ஆடிய அணியோ, பெரியம்மா நடித்த கலைவிழாவோ. அடுத்த ஞாயிறு அதனைக் கழற்றி எடுங்கள். பெரியவர்களை அருகிலே இருத்தி, ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுப் பின்புறத்திலே எழுதுங்கள். நடுவிலே இருப்பவரின் பெயர் எப்படியும் எஞ்சும். ஓரத்திலே நிற்பவரிடமிருந்து தொடங்குங்கள்.

சென்ற கிழமை மாலை மைதானத்து மதில் ஓரமாக வந்துகொண்டிருந்தோம். உள்ளே சின்னஞ்சிறுவர் சிலர் பந்தோடு தடுமாறிக்கொண்டிருந்தனர். அவர்களிலும் சற்றே மூத்த ஒருவன் கோட்டருகே நின்று தொண்டை கிழியக் கத்தினான்:

“கிறுகு! டேய், கிறுகு! கொடு!”

சைக்கிளை நிறுத்திவிட்டு, பந்து கை மாறும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.